மூலையில் இல்லாத பெயர்

தாகுவரெம்போ
4 ஏப்ரல் 1988

அன்புள்ள எல்பியோ அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் மிர்த்தா அண்ணியும் மான்டிவீடியோ ஈரக்காற்றில் இருமாமல் இருக்கிறீர்களா? அப்பாவின் வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பக்கவாதம் அவர் வாயில் விட்டுவைத்தது "சரி" என்ற ஒரே சொல்தான். மாத்தே டீ குடிக்கிறீர்களா என்றால் "சரி". ஜன்னலைச் சாத்தவா என்றால் "சரி". பக்கத்து வீட்டு ரமோனா அம்மா வேலியில் சாய்ந்துகொண்டு, "யோவ் தியோஃபிலோ, என்னக் கட்டிக்கிறியா?" என்றாலும் "சரி". இதுவரை மூன்று முறை நிச்சயம் ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சால்ட்டோ ஊரில் டெலிபோன் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இரண்டு பேர் எடுக்கிறார்கள். விளம்பரத்தில் பெண்கள் வரக்கூடாது என்று போடவில்லை, இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் 12 தேர்வு. வீட்டில் நம் கையால் செம்புத் தகட்டைக் கரைத்து எடுத்த சர்க்யூட் போர்டு ஒன்று கொண்டுபோக வேண்டும். டெலிபோன் கம்பியில் விசில் சத்தம் அனுப்பிப் பார்க்கும் சின்னக் கருவி அது. அதில் வரும் பதினாறு கால் ஐ.சி. சில்லை இங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எந்தக் கால் எதற்கு என்று சொல்லும் புத்தகம் உன் உதிரிபாகக் கடையில் இருக்கும். ஒரு ஐ.சி.யும், போர்டுக்கான கோட்டுப் படமும் அனுப்புவாயா?

தேர்வாகிவிட்டால், அம்மாவை அடக்கம் செய்த அன்று நீயே சொன்னபடி செய்யலாம். ஆறு மாதம் அப்பா உன் வீட்டில், ஆறு மாதம் என்னோடு. எனக்கு முப்பத்து நாலு ஆகிறது அண்ணா. ஊரார் ரேடியோவைத் திறந்து மூடியே கிழவியாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் தங்கை
நிபியா


மான்டிவீடியோ
25 ஏப்ரல் 1988

அன்புத் தங்கச்சி நிபியாவுக்கு,

உன் கடிதத்தை மிர்த்தாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இருவரும் நன்றாக இருக்கிறோம், அவளுக்குப் பல்வலி மட்டும். அப்பாவுக்கு என் முத்தம்.

எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நம் வீட்டில் மூளை உனக்குத்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். படத்தை நானே வரைகிறேன், நீ தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. ஐ.சி.யும் ஒன்று எடுத்துவைக்கிறேன். ஒன்றுதான் கிடைக்கும், பத்திரம்.

அப்பாவைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னறையை அவருக்காக வெளிர்நீலத்தில் அடிக்கப்போகிறேன். மிர்த்தாவும் சம்மதம் என்கிறாள்.

எப்போதும் உன்னவன்
எல்பியோ


தாகுவரெம்போ
9 மே 1988

அன்பு அண்ணா,

உன் கடிதம் வந்த நாளில் நல்ல மழை. ரமோனா அம்மா கொழுப்பில் ரொட்டி பொரித்து அனுப்பினார், அப்பா நாலு தின்றார். உங்கள் இருவருக்கும் சளி ஏதும் இல்லையே?

படம் வரும்வரை கையைச் சும்மா வைக்காமல் பழைய துண்டுகளில் பழகுகிறேன். மருந்துக்கடைக்காரர் பெரிக் குளோரைடு அரை லிட்டர் கொடுத்துவிட்டு, "இத வச்சு யாரக் கொல்லப் போற?" என்று கேட்டார். "செம்ப மட்டுந்தான்" என்றேன். ரமோனா அம்மாவின் முடிதிருத்தும் கடையிலிருந்து காய்ந்துபோன சிவப்பு நெயில் பாலிஷ் இரண்டு புட்டி வாங்கினேன். அதில் செம்பின்மேல் கோடு போட்டு, அந்தக் காவிக் கரைசலில் முக்கினால், பாலிஷ் மூடிய இடம் நிற்கிறது, மற்ற செம்பெல்லாம் கரைந்து போகிறது. ஓட்டை போட டேப் ரிக்கார்டர் மோட்டார். என் விரல், பாத்திரத்தொட்டி, ஒரே நல்ல பாவாடை எல்லாம் காவிக் கறை.

இதைக் கேள். கரைசலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? அப்பாவின் இடது கையில் தட்டின் விளிம்பைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம், ஒரு சொட்டு சிந்தாமல், ரயில் ஆடுகிற மாதிரி ஆட்டினார். நிறுத்தச் சொன்னால் "சரி" என்கிறார், நிறுத்துவதில்லை. இரண்டு வருடத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு கவனத்தை நான் பார்க்கவில்லை. அழுதுவிட்டேன்.

படம் எப்போது?

நிபியா


மான்டிவீடியோ
2 ஜூன் 1988

அன்பு நிபியா,

அனைவரும் சௌக்கியம். கடையில் வேலை மூச்சுமுட்டுகிறது, அதனால் சுருக்கமாக.

இதோ படம். ஐ.சி. பஞ்சில் சுற்றியிருக்கிறது. கார்பன் காகிதத்தை வைத்து இருக்கிறபடியே செம்பின்மேல் பதித்துவிடு. எதையும் மாற்றாதே. அப்பாவுக்கு முத்தம்.

எல்பியோ


தாகுவரெம்போ
14 ஜூன் 1988

அன்பு அண்ணா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே உறைபனி, அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆனால் சாப்பாடு குறையவில்லை. பார்சல் முழுசாக வந்து சேர்ந்தது. கோடுகள் முடிபோல மெல்லிசாக என்ன அழகு! உன் கை உன் கைதான்.

ஒரு சந்தேகம். மூலையில் உன் பெயரைக் காணோமே? பதினாலு வயதிலிருந்து நீ போட்ட ஒவ்வொரு படத்திலும் மூலையில் "எல்பியோ" இருக்கும். செம்புப் பக்கத்தில் பெயர் நேராகப் படிக்க வந்தால் படம் சரி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரண்டு வந்தால் படம் திரும்பியிருக்கிறது. நம் இருவருக்கும் அதுதானே அடையாளம்? எப்போதிலிருந்து உனக்கு இத்தனை அடக்கம் வந்தது?

கேலியை விடு. இந்தப் படம் ஐ.சி. உட்காரும் மேல்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததா, செம்பு இருக்கும் அடிப்பக்கத்திலிருந்தா? மாறிப்போனால் இடது வரிசைக் கால்களுக்கு வலது வரிசையின் கோடு வந்துவிடும், கரன்ட் கொடுத்த உடனே ஐ.சி. கருகிவிடும். இருப்பதோ ஒன்று. என்னிடம் புத்தகமும் இல்லை. ஒரே ஒரு வரி எழுது, போதும். அதுவரை தொடமாட்டேன்.

நிபியா


மான்டிவீடியோ
18 ஜூலை 1988

அன்புத் தங்கச்சி,

பதில் தாமதத்துக்குத் திட்டாதே. மிர்த்தாவுக்குப் பல் பிடுங்கி, கன்னம் இப்போதுதான் வடிந்தது. எங்கள் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை, வீட்டுக்காரன் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் அணி தோற்றது, எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜூன் 29 அன்று வழக்கம்போல உருளைக்கிழங்கு ஞோக்கி உருண்டை சாப்பிடும்போது அதிர்ஷ்டத்துக்காகத் தட்டுக்கு அடியில் வைத்த பண நோட்டை உன் தேர்வை நினைத்துத்தான் வைத்தேன்.

நாள் நெருங்கிவிட்டதே, இன்னுமா தொடாமல் இருக்கிறாய்? சீக்கிரம் கரைத்துவிடு. சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வேலையும் நடக்காது. அப்பாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கியிருக்கிறேன், பிறகு அனுப்புகிறேன்.

எப்போதும் உன்னவன்
எல்பியோ


தாகுவரெம்போ
24 ஆகஸ்ட் 1988

அண்ணா,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

உன் கடிதம் என் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது, படம் சரியாக இருப்பதால்தான் சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். இருந்தபடியே பதித்தேன். அப்பா ஆட்டினார். போர்டு பளபளவென்று வந்தது.

சால்ட்டோவில் அவர்கள் மேசைமேல் வைத்துக் கரன்ட் கொடுத்தேன். ஐ.சி. கருகிவிட்டது. மேலே விரல் வைத்துப் பார்த்தேன், தோல் கொப்பளித்தது.

நீ அனுபவசாலி. நான் எங்கே தவறியிருப்பேன் என்று யோசித்துச் சொல்.

நிபியா


மான்டிவீடியோ
29 ஆகஸ்ட் 1988

என் அருமைத் தங்கச்சி,

உன் கடிதத்தைக் கண்டதும் கடை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மனம் தாங்கவில்லை. விரல் ஆறியதா? வெண்ணெய் தடவாதே, தண்ணீர் போதும்.

யோசித்துப் பார்த்தேன். கரைசலில் அதிக நேரம் விட்டிருப்பாய், கோடுகளை உள்ளே அரித்திருக்கும். அப்பா கையில் தட்டைக் கொடுத்தது தப்பு, பாவம், அவருக்கு என்ன தெரியும்? இல்லையென்றால் சால்டரிங் இரும்பை ஐ.சி. காலில் அதிக நேரம் வைத்திருப்பாய். பெண்கள் கை பயந்தபடி தயங்கும், அந்தத் தயக்கத்தில்தான் சூடு ஏறும். வருத்தப்படாதே, உன்மேல் குற்றமில்லை.

எல்லாம் நல்லதுக்குத்தான் என்று மிர்த்தா சொல்கிறாள். அப்பாவுக்கு உன் கைப்பழக்கம்தான் ஒத்துக்கொள்ளும். முன்னறைக்கு வெளிர்நீலம் அடித்தே முடித்திருந்தேன், பரவாயில்லை, காலியாகவே கிடக்கட்டும். அடுத்த வருடம் பார்க்கலாம். புதிதாக ஒரு படம் நானே வரைந்து தருகிறேன்.

உன்னை நினைத்துக் கலங்கும்
எல்பியோ


தாகுவரெம்போ
13 அக்டோபர் 1988

எல்பியோ,

இந்தக் கடிதம், பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் வரும் அப்பாவின் கோட்டுப் பையில் உன்னிடம் வருகிறது. அவரை உட்கார வைத்து, மாத்தே கொடுத்துவிட்டு, மெதுவாகப் படி. சூடு வேண்டாம், வெதுவெதுப்பாக. குழலை உதட்டின் இடது ஓரத்தில் வைக்க வேண்டும்.

போன கடிதத்தில் நான் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேள். ஐ.சி. கருகியதும் தேர்வு வைத்த ஒதிலா அம்மாள் என் போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தார். சிரித்தார்.

"யாரும்மா இத வரைஞ்சது?"

"எங்க அண்ணங்க."

"முழுசா பொரண்டு கெடக்கே. அண்ணனுக்கும் உனக்கும் ஏதாச்சும் வாய்த்தகராறா?"

"அதெல்லாம் இல்லீங்க. மறந்துட்டாருங்க."

"கோடு இவ்ளோ சுத்தமாப் போடத் தெரிஞ்ச ஆளு இத மறக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, தன் மேசையிலிருந்து வேறொரு ஐ.சி.யை எடுத்து என்முன் போட்டார். "காலுங்கள வெளியே மடக்கி, செம்புப் பக்கமே உக்கார வையி. அப்போ எல்லாம் அதது எடத்துக்கு வந்துரும். அரை மணி தரேன்."

இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். விசில் கூவியது. என் கை தயங்கவில்லை அண்ணா. வேலை எனக்கு. வருகிற திங்கள் சேர்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு உனக்குத் தோற்றவள் போல எழுதினேன். நீ மறந்ததாக இருந்தால், "ஐயோ, படத்தைத் திருப்பச் சொல்ல மறந்துவிட்டேனே" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். என் கேள்விக்கு ஐந்து வாரம் வாய் திறக்காதவன், நான் தோற்றேன் என்றதும் ஐந்தே நாளில் பதில் போட்டாய். அதில் அப்பாவின் கையைக்கூடக் குற்றம் சொன்னாய். அவர் ஆட்டியதில் ஒரு கோடு பிசகவில்லை. உன்னை நான் வெறுக்கிறேன்.

இனி உன் ஆறு மாதம். வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கழுத்தில் தொங்குவதைப் பார். இரண்டு பக்கமும் செம்புள்ள துண்டு ஒன்று இருந்தது. பின்பக்கத்தை நெயில் பாலிஷால் மூடிவிட்டு, முன்பக்கம் உன் பெயரையும் முகவரியையும் கரைத்து எடுத்தேன். தோலில் கறை படாமலிருக்க வார்னிஷ் அடித்திருக்கிறேன். மூலையில் என் பெயர் இருக்கிறது, நேராகப் படிக்கலாம்.

அதைக் கரைக்கும்போதும் தட்டை ஆட்டியவர் அவர்தான். "எல்பியோ வீட்டுக்குப் போறீங்களாப்பா?" என்று கேட்டேன். "சரி" என்றார். எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். என் பாவம் அது.

உன்னை ஒரே ஒரு விஷயத்தில் இன்னும் நம்புகிறேன். வாசலுக்கு வந்த அப்பாவைத் திருப்பி அனுப்பமாட்டாய். வெளிர்நீலம் அவருக்குப் பிடிக்கும். எனக்கு எழுத வேண்டுமென்றால் ரமோனா அம்மா மூலம் எழுது.

நிபியா


மான்டிவீடியோ
16 அக்டோபர் 1988

நிபியா,

அப்பா நலமாக வந்தார், நலமாகத் திரும்பி வருகிறார். உன் கடிதம் வந்த அதே பையில் அதோடு இதையும் வைக்கிறேன்.

முன்னறை என்று ஒன்று கிடையாது. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத ஓர் அறை, ஒரு சமையல் மேடை, மூன்று மாடி. அவரை நானும் பேக்கரிக்காரனும் தூக்கிக்கொண்டு ஏறினோம். இரண்டு நாளில் மிர்த்தா இரண்டு பெட்டிகளைக் கட்டிவிட்டாள். ஒன்று அவளுடையது. அவள் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ வேலை என்கிறாய், சுதந்திரம் என்கிறாய், உனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

ஆமாம், பெயரை நான்தான் எழுதவில்லை. எழுதினால் பெயரும் புரண்டு, படம் புரண்டிருப்பது தெரிந்துவிடும். புரண்ட படத்தில் பெயரை மட்டும் நேராக எழுதிப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த மட்டுக்கு நான் யோக்கியன். ஆனால் நீயும் கவனித்தாயே? கடிதத்திலேயே கேட்டாயே? கேட்டுவிட்டு, பதில் இல்லாமலே பதித்தது யார்? பாதிப் பழி உனக்கு.

சாவியைக் கொடுத்துவிட்டேன் என்பதையெல்லாம் நான் நம்பவில்லை. உன்னை எனக்குத் தெரியும். வீம்புக்கு எழுதுவாய், பிறகு பஸ் நிலையத்துக்கு ஓடிவருவாய். திங்கள் மாலை அங்கே சேரும் வண்டி, நாலாம் இருக்கை என்று வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டேன். தங்கை வந்து நிற்பாள் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன்.

தகட்டின் பின்பக்கத்தை வெறுமனே விட்டிருந்தாய், நான் வீணாக்கவில்லை. உன் பக்கத்தை மிர்த்தாவின் நெயில் பாலிஷால் மூடிவிட்டு, பின்னால் உன் பெயரும் நம் வீட்டு முகவரியும் கரைத்தேன். உன் எழுத்தில் ஒன்றுகூட அழியவில்லை. மூலையில் என் பெயர் இருக்கிறது.

தட்டை அவரிடம்தான் கொடுத்தேன். நன்றாகத்தான் ஆட்டுகிறார்.

எல்பியோ


தாகுவரெம்போ
20 அக்டோபர் 1988

எல்பியோவுக்கும் நிபியாவுக்கும்,

ஒரே விஷயத்தை இரண்டு தாளில் எழுதி, ஒன்றை மான்டிவீடியோவுக்கும் ஒன்றைச் சால்ட்டோ பட்டறைக்கும் போடுகிறேன். நான் சுகமா என்று நீங்கள் கேட்க வேண்டாம். எனக்கு எழுபத்தொரு வயது, இடுப்பு போய்விட்டது.

திங்கள் மாலை வந்த பஸ்ஸிலிருந்து உங்கள் அப்பாவை இறக்கி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாரோ வருவார்கள் என்று கண்டக்டர் போய்விட்டான். யாரோ வருவார்கள் என்று டிக்கெட் கொடுக்கிறவனும் கடையைச் சாத்திவிட்டான். செவ்வாய் மதியம் கான்ஸ்டபிள் ஒருவர் பார்த்தபோது கால்சட்டை நனைந்து காய்ந்து போயிருந்ததாம். இடது கையை மடியில் வைத்து எதையோ ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

கான்ஸ்டபிள் நல்ல பையன். கழுத்துத் தகட்டைப் படித்திருக்கிறார். ஒரு பக்கம் மான்டிவீடியோ எல்பியோ. திருப்பினால் இந்த ஊர் நிபியா. "பெரியவரே, எந்த வீட்டுக்குப் போகணும்?" "சரி." "இதா, அதா?" "சரி." பக்கத்தில் இருக்கிற முகவரிக்குக் கூட்டிவந்தார். வாசலில் வேறு குடும்பத்தின் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள்தான் என் கதவைத் தட்டச் சொன்னார்கள்.

"இது யாரு வேலம்மா?" என்று தகட்டைக் காட்டிக் கேட்டார். "பெத்த புள்ளைங்க ரெண்டு பேரும் பண்ணது. கெட்டிக்காரப் புள்ளைங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். படித்தது தப்பென்றால் வந்து சொல்லுங்கள். நிபியா, உனக்காக நான் கொடுத்த நெயில் பாலிஷ் அது. இதற்காகக் கொடுக்கவில்லை.

அடுத்த வார ஞாயிறுவரை வைத்துக்கொள்கிறேன். நான் ரொட்டிமாவு பிசைகிற தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், ஆட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது நான் அவரைக் கேலி பண்ணி எதுவும் கேட்பதில்லை.

தகட்டை நான் நன்றாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எழுத்து சுத்தமாக இருக்கிறது, இரண்டு மூலையிலும் பெயர் நேராகத்தான் படிக்கிறது. உங்கள் வித்தை எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கத்தை வெளியே வைத்து அவரை பஸ் ஏற்றுவது என்று யாராவது ஒருத்தர் எழுதுங்கள்.

அதுவரை கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். எல்பியோ, உன் பக்கத்துக்கு நீ வார்னிஷ் அடிக்கவில்லை. நெஞ்சில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சையாகக் கறை பிடித்திருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

ரமோனா